கட்டில் மெத்தையோடு ஒரு வீடு: நீங்களே வாடகைக்கு விடுவதா, ஆள் வைத்து விடுவதா?

நகரத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று இருக்கிறது. கட்டில், பீரோ, சோபா, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறீர்கள், அல்லது பெற்றோர் இருந்த வீடு இப்போது காலியாகக் கிடக்கிறது. பூட்டி வைத்தாலும் பராமரிப்புக் கட்டணம் மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருக்கும். சரி, வாடகைக்கு விடலாம் என்று முடிவெடுத்ததும் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது: புரோக்கருக்கு எதற்குக் கமிஷன் அழ வேண்டும், நாமே ஆள் பார்த்தால் என்ன?

இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் கமிஷன் தொகையை மட்டும்தான் தராசில் வைக்கிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். கமிஷன் மிச்சமானது உண்மை. ஆனால் ஆள் கிடைக்கும்வரை வீடு ஏழு வாரம் பூட்டிக் கிடந்தது. குடி வந்தவர் காலி செய்த அன்று வாஷிங் மெஷின் ஓடவில்லை. சாப்பாட்டு மேஜையில் சூடான பாத்திரம் வைத்த வெள்ளை வட்டம் இரண்டு. அது யார் செலவு என்று அரை மணி நேரம் வாக்குவாதம். சாமான் பட்டியல் என்ற ஒன்றை எழுதவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறமும் நான் நேரடியாகத்தான் விடுகிறேன். ஆனால் கமிஷனை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. வெறும் வீட்டை விடும்போது நான்கு சுவரையும் தண்ணீர்க் குழாயையும் ஒப்படைக்கிறோம். சாமான்களோடு விடும்போது, தினமும் கைபடும் நாற்பது ஐம்பது பொருள்களை ஒருவர் கையில் கொடுக்கிறோம். அந்தக் கை யாருடையது என்று நேரில் பார்த்து முடிவு செய்ய எனக்கு ஆசை. இது எல்லோருக்கும் பொருந்தாது. எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

காலி நாள்கள். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் அந்த வருட வருமானத்தில் 8.3 சதவீதம் போய்விட்டது. வாடகையை ஐந்து சதவீதம் ஏற்றிக் கேட்டு, அதனால் ஒரு மாதம் காத்திருப்பவர் லாபம் பார்க்கவில்லை.

சாமான் தேய்மானம். இதைக் கணக்கில் சேர்ப்பவர் அபூர்வம். வாங்கிய காசு போனது போனதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். மெத்தையைப் பத்து வருடத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். வாடகை வீட்டில் அதற்கும் முன்பே.

உங்கள் நேரமும் தூரமும். கீசர் கசிகிறது என்று ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வந்தால், அங்கே போய் நிற்க ஆள் உண்டா?

ஆள் தேர்வு. குடி வருபவரை யார் பார்த்து, யார் விசாரித்து, யார் சரி என்று சொல்வது?

வீட்டைத் திரும்பப் பெறுவது. அடுத்த வருடம் நீங்களே அங்கே குடிபோக வேண்டி வந்தால் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்?

ஐந்தாவது விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரான்சில் சாதாரண வாடகை ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடம். சாமான்களோடு விட்டால் ஒரு வருடம் போதும், மாணவருக்கு ஒன்பது மாதம். ஆனால் 'சாமான்களோடு' என்று சொல்லிக்கொள்ள, 2015-இல் வந்த அரசாணை ஒன்று பதினோரு வகைப் பொருள்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், பாத்திரம், விளக்கு, துடைக்கிற சாமான் வரைக்கும் அதில் உண்டு. ஒரு கட்டிலும் நாற்காலியும் போட்டுவிட்டு அந்தப் பெயர் சொல்ல முடியாது. உங்கள் நாட்டுச் சட்டம் இந்த இரண்டு வகை வாடகையையும் வேறு வேறாகப் பார்க்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற முடிவெல்லாம் அதன்மேல்தான் உட்காரும்.

## எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்

ஊருக்கு ஊர் வாடகை வேறு. அதனால் சாமான்களோடு வரும் ஒரு மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள்கூடக் காலியில்லாமல் ஓடினால் வருடத்துக்கு 1200. வீட்டுக்குள் இருக்கும் சாமான்களின் மொத்த மதிப்பு ஆறு மாத வாடகை, அதாவது 600. எல்லாம் சராசரியாக ஆறு வருடம் உழைக்கும் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 100. ஒரு முழு மாத வாடகை சத்தமில்லாமல் சாமானுக்குப் போகிறது.

இவை நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள், வழி ஒன்றுதான். வரி, வீட்டுக் கடன், பராமரிப்புக் கட்டணம் இவற்றைச் சேர்க்கவில்லை.

## நேரடியாக, ஒரே குடித்தனத்துக்கு

விளம்பரம் நீங்களே போடுகிறீர்கள், வீட்டை நீங்களே காட்டுகிறீர்கள், ஒப்பந்தம் நீங்களே எழுதுகிறீர்கள். ஆள் கிடைக்க ஒரு மாதம், விளம்பரச் செலவு 10, சாமானுக்கு 100. கையில் நிற்பது 990. என்னுடைய ஏழு வாரத்தைப் போட்டால் 929. தரகர் வழியாகப் போயிருந்தால் 950 நின்றிருக்கும் (அந்தக் கணக்கு கீழே). ஆக, கமிஷனை மிச்சம் பிடித்து நான் சம்பாதித்தது நஷ்டம்.

இங்கே கண்ணுக்குத் தெரியாத செலவு, தேடும் வேலை. எனக்கு வழக்கமாக முப்பது போன் வந்தால் எட்டுப் பேர் நேரில் வருவார்கள். அதில் இரண்டு பேர்தான் உண்மையில் குடி வர நினைப்பவர்கள். அந்த எட்டுப் பேருக்கும் வீட்டைத் திறந்து காட்ட ஆள் வேண்டும். பக்கத்துத் தெருவில் இருந்தால் தொந்தரவில்லை. இரண்டு மணி நேரப் பயண தூரம் என்றால், சொன்ன நேரத்துக்கு வராத மூன்றாவது ஆளுக்குப் பிறகு கமிஷன் மலிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

விசாரிப்பதில் ஒரு நுணுக்கம். இப்போது இருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டால், தொல்லை போனால் சரி என்று நல்லபடியாகவே சொல்லி அனுப்பிவிடலாம். அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்ல அவசியமில்லை. வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது பல நாடுகளில் உள்ள பழக்கம். இரண்டு மடங்கு மட்டும் என்றால் நான் யோசிப்பேன். வீட்டைப் பார்க்காமலேயே பணம் அனுப்புகிறேன் என்பவர், கேட்டதைவிட அதிகமாக அனுப்பிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்பவர், இந்த இரண்டு பேரோடும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மீதியைத் திருப்பி அனுப்பிய பிறகு, முதலில் வந்த பணம் செல்லாமல் போகும். விளம்பரத்தில் கதவு எண்ணைப் போடாதீர்கள். உங்கள் படங்களை எடுத்து வேறு யாரோ அதே வீட்டுக்கு முன்பணம் வாங்கிய கதைகள் உண்டு.

இனி சாமான் பட்டியல். நேரடியாக விடுவது லாபமா நஷ்டமா என்பது பாதிக்கு மேல் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. 'சோபா 1, பிரிட்ஜ் 1' என்று எழுதுவது பட்டியல் அல்ல. அறை அறையாக, பொருள், கம்பெனி, வாங்கிய வருடம், இன்றைய நிலை, மெஷின் என்றால் அதன் தொடர் எண். 'சோபா, மூன்று பேர் உட்காரும் அளவு, நான்கு வருடம் ஆனது, இடது கைப்பிடியில் சின்னக் கிழிசல்' என்று இருக்கும் குறையையும் எழுதுங்கள். குறையை எழுதுவது உங்களுக்கு எதிராகப் போகாது. அதை ஒளிக்காமல் எழுதியிருப்பதால்தான் மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருந்தது என்று பின்னால் நம்ப வைக்க முடியும். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து, சாவி எத்தனை, மின் மீட்டரில் என்ன எண், எல்லா மெஷினும் ஓடுவதைக் காட்டும் ஒரு வீடியோ. முதல் ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஓடவில்லை என்றால் குடித்தனக்காரர் சொல்லலாம் என்று ஒரு வரி. அது அவருக்கு நியாயம்.

பிறகு, உடைந்தால் எவ்வளவு பிடிப்பது? புது விலையைப் பிடிக்கப் பார்ப்பதுதான் வீட்டுக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. 80-க்கு வாங்கிய சோபா எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது எட்டில் மூன்று பங்கு, அதாவது 30. அதை அவர் அடியோடு கிழித்திருந்தாலும் கேட்கக்கூடியது அந்த 30 தான். உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்தது என்றால் அதுவும் கிடையாது. அது இயல்பான தேய்மானம், அதற்குத்தான் வாடகை வாங்கினீர்கள். இந்த முறையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் கடைசி நாளில் யாரும் குரலை உயர்த்த வேண்டியிருக்காது.

பழுது பார்ப்பதற்கும் ஒரு கோடு வேண்டும். மாத வாடகையில் மூன்று சதவீதம் வரைக்குமான சின்னப் பழுது குடித்தனக்காரர் செலவு, அதற்கு மேல் என் செலவு என்று நான் எழுதுகிறேன். (சில நாடுகளில் சட்டமே இதைச் சொல்லிவிடும், அங்கே அதுதான்.) பழைய டிவி மாதிரி, கெட்டுப்போனால் மாற்றித் தர விரும்பாத பொருளுக்கு எதிரே 'இருப்பது இருக்கிறபடி, மாற்றித் தரப்படாது' என்று போடுங்கள். இல்லையென்றால் பத்து வயது டிவிக்குப் பதில் புது டிவி வாங்கித் தருவீர்கள். பாட்டி வைத்திருந்த மரப்பெட்டி, அப்பா எழுதிய மேஜை இவற்றை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். பணத்தால் ஈடுகட்ட முடியாத எதையும் வாடகை வீட்டில் வைக்கக் கூடாது.

முன்பணம் எவ்வளவு வாங்கலாம் என்பது நீங்களும் அவரும் பேசி முடிக்கிற விஷயம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் 2019 சட்டத்தின்படி, வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால், ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது. ஜெர்மனியில் மூன்று மாதம். அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. இந்திய மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் வீட்டுக்கு இரண்டு மாதம் என்கிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது நடப்புக்கு வரும். இந்த வரம்புகளைப் பார்த்தால் ஒன்று புரியும்: 600 மதிப்புள்ள சாமானுக்கு ஈடாக உங்கள் கையில் ஏறக்குறைய 115-இலிருந்து 300 வரைதான் இருக்கப் போகிறது. மீதிக்கு ஈடு, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆளின் குணம்.

## நேரடியாக, அறை அறையாக

இரண்டு படுக்கையறை என்பதால் இந்த எண்ணம் எல்லோருக்கும் ஒரு தடவை வரும். ஓர் அறைக்கு 60 வீதம் மாதம் 120, வருடத்துக்கு 1440. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆள்கள் சீக்கிரம் மாறுவார்கள். ஒவ்வோர் அறையும் வருடத்தில் ஒன்றரை மாதம் காலி என்றால் 180 போச்சு. மின்சாரம், இணையம், தண்ணீரைப் பெரும்பாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும். யார் எவ்வளவு ஏசி போட்டார் என்ற சண்டைக்குள் போக முடியாது. அதற்கு 150. சாமான் தேய்மானம் 130, விளம்பரம் 10. நிற்பது 970. முழு வீடாக விட்டதைவிடக் குறைவு.

இந்த வழியில் நிஜமான பிரச்சினை கூடம், சமையலறை, குளியலறை மூன்றும் பொதுவில் இருப்பதுதான். இரண்டு தனித்தனி ஒப்பந்தம் இருந்தால் கூடத்து சோபாவைக் கிழித்தது யார் என்பதற்கு விடையே கிடையாது. ஒரே ஒப்பந்தத்தில் இருவரும் கூட்டாகப் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கினால் அது தீரும். ஆனால் முன்பின் தெரியாத இரண்டு பேர் அப்படிக் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஏற்கெனவே நண்பர்களாக இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் முழு வீடாகவே, கூட்டுப் பொறுப்போடு கொடுங்கள். நீங்களே ஓர் அறையில் இருந்துகொண்டு மற்றதை விடுவதாக இருந்தால் மட்டும் அறைக் கணக்கு நன்றாக ஓடும்.

## தரகர் வழியாக

கமிஷன் ஒரு மாத வாடகை, வீடு அரை மாதம் மட்டும் காலி என்று வைப்போம். 1200-இல் 50, 100, சாமானுக்கு 100 கழித்தால் 950. நேரடியாக விட்டதைவிட 40 குறைவு. குடித்தனக்காரர் இரண்டு வருடம் இருந்தால் அந்த வித்தியாசம் வருடத்துக்கு 20 ஆகச் சுருங்கிவிடும். விளம்பரச் செலவு 10 மிச்சமாவதையும் சேர்த்தால், தரகர் உங்களைவிட 27 நாள் சீக்கிரம் ஆள் கொண்டுவந்தாலே கமிஷனைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டார்.

கமிஷனை யார் கொடுப்பது என்பதும் மாறிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் 2015 முதல் தரகரை அமர்த்தியவர்தான் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2019 சட்டம் வாடகைதாரரிடம் அந்தக் கட்டணத்தை வாங்குவதையே தடுத்துவிட்டது. வாடகைதாரர் தலையில் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஊர் நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் போடவும்.

தரகரிடம் எனக்குள்ள தயக்கம் கமிஷன் அல்ல. கையெழுத்தான அன்று அவருடைய அக்கறை முடிந்துவிடுகிறது. ஆறாவது மாதம் மெத்தை எப்படி இருக்கிறது என்பது அவர் வேலை இல்லை. அவருக்கு வேண்டியது சீக்கிரம் கையெழுத்துப் போடும் ஆள். உங்களுக்கு வேண்டியது மெதுவாகக் கதவைச் சாத்தும் ஆள். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வருகிறவரைப் பார்த்துப் பேசி முடிவு சொல்வது நான்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இந்தக் குறை பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

## நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைப்பது

ஆள் பார்ப்பது, வாடகை வசூல், பழுது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வசூலாகும் வாடகையில் பத்து சதவீதம், ஆள் கொண்டுவந்ததற்கு 50 என்று வைத்தால்: 1150-இல் 115, 50, சாமானுக்கு 100 கழித்து 885. தரகர் வழியைவிட 65 குறைவு. ஒரு வருடத்துக்கு போன் அடிக்காது என்பதற்கு அது நியாயமான விலை.

ஆனால் சதவீதத்துக்கு வெளியே இருப்பதைக் கேளுங்கள். பழுது பார்த்த ரசீதுக்கு மேல் அவர்கள் ஏதாவது சேர்க்கிறார்களா, ஒப்பந்தம் புதுப்பித்தால் மறுபடி கட்டணமா, வீடு காலியாக இருக்கும் மாதத்துக்கும் பணம் உண்டா, உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம். சாமான் உள்ள வீட்டில் இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பழுதாவதற்கு அங்கே அத்தனை பொருள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு வருடத்தில் மூன்று தடவை வாஷிங் மெஷின் பழுது ரசீது வந்தது. மூன்றையும் கூட்டினால் புது மெஷினே வாங்கியிருக்கலாம்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு கோணம் உண்டு. பிரிட்டனிலும் இந்தியாவிலும், வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. பிரிட்டனில் இடையில் நிறுவனம் இருந்தால் அந்த வேலை நிறுவனத்துடையது, இல்லாவிட்டால் குடித்தனக்காரர் தலையில். அது தெரிந்ததும் பின்வாங்கும் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். விதி தெரியாமல் வந்து, பாதியில் தெரிந்துகொள்வது இன்னும் மோசம்.

## நாள் வாடகைக்கு விருந்தினர்

இதில்தான் எண்கள் கண்ணைப் பறிக்கும். ஓர் இரவுக்கு 10, வருடத்தில் 200 இரவு நிரம்பினால் 2000. இப்போது கழித்துப் பாருங்கள். முன்பதிவு எடுக்கும் இணையதளத்தின் பங்கு 15 சதவீதம், 300. சராசரியாக மூன்று இரவு தங்கினால் 67 தடவை வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். தடவைக்கு 3 என்றால் 200. மின்சாரம், இணையம் எல்லாம் உங்களுடையது, 200. விரிப்பு, துண்டு, சோப்பு 100. 67 குடும்பம் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து போகும் வீட்டில் சாமான் இரண்டு மடங்கு வேகமாகத் தேயும், 200. நிற்பது 1000. நேரடியாக ஒரே குடித்தனத்துக்கு விட்டால் 990. அந்தப் பத்துக்காக வருடத்தில் 67 தடவை சாவி கொடுத்து வாங்க வேண்டும். அதற்கும் ஆள் வைத்து இருபது சதவீதம் கொடுத்தால் 600 தான்.

இரவுகள் 280 ஆனால் கதை மாறும், மறுக்கவில்லை. கடற்கரை, பெரிய மருத்துவமனை, வருடம் முழுக்கக் கூட்டம் வரும் இடம் பக்கத்தில் இருந்தால் முயலலாம். ஆனால் சட்டம் எப்போது வேண்டுமானாலும் குறுக்கே வரும். நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக விடுபவர் பதிவு செய்து, விருந்தினரோடு அதே வீட்டில் இருக்கவும் வேண்டும். லண்டனில் அனுமதி இல்லாமல் வருடத்துக்கு 90 இரவு மட்டும். பார்சலோனா 2028 நவம்பரோடு சுற்றுலா வீட்டு உரிமங்களையே நிறுத்தப் போவதாக அறிவித்திருக்கிறது. நாட்டுச் சட்டம் சும்மா இருந்தாலும் உங்கள் அடுக்ககச் சங்கம் சும்மா இருக்காது. காப்பீட்டுக்காரரிடமும் கேளுங்கள், வீட்டுக் காப்பீடு பல நேரம் விருந்தினர் செய்த சேதத்தை ஏற்காது.

ஒரு நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: வீடு எப்போதும் உங்கள் கையில் இருக்கும். நடுவில் இரண்டு மாதம் நீங்களே தங்க வேண்டுமானால் இதைவிட நல்ல வழி இல்லை.

## ஒரே பார்வையில்

| | நேரடி, ஒரே குடித்தனம் | அறை அறையாக | தரகர் | நிர்வாக நிறுவனம் | நாள் வாடகை |
|---|---|---|---|---|---|
| வருடத்துக்கு நிற்பது | 990 | 970 | 950 | 885 | 1000 (ஆள் வைத்தால் 600) |
| காலி நாள் | உங்கள் தேடலைப் பொறுத்து | அடிக்கடி | குறைவு | குறைவு | தினமும் ஒரு கேள்வி |
| சாமான் | பட்டியல் இருந்தால் பத்திரம் | பொது இடத்துக்குப் பொறுப்பாளி இல்லை | பட்டியல் நீங்கள் எழுதினால்தான் | அவர்கள் எழுதுவார்கள், சரிபாருங்கள் | வேகமாகத் தேயும் |
| உங்கள் நேரம் | முதல் மாதம் அதிகம் | எப்போதும் | குறைவு | மிகக் குறைவு | தினசரி வேலை |
| ஆள் தேர்வு | முழுக்க உங்களுடையது | உங்களுடையது | பகிர்வு | அவர்களுடையது | பெயரளவுக்கு |
| வீடு திரும்ப | ஒப்பந்தப்படி | ஒப்பந்தப்படி, இரண்டு தடவை | ஒப்பந்தப்படி | ஒப்பந்தப்படி | உடனே |

## சாமானே இல்லாமல் விட்டால்?

யாரும் கேட்காத கேள்வி, ஆனால் கேட்க வேண்டியது. அதே வீட்டை வெறுமையாக விட்டால் மாதம் 85 கிடைக்கும் என்றால் வருடத்துக்கு 1020. சொந்தக் கட்டில் பீரோவோடு வருகிறவர் சட்டென்று கிளம்ப மாட்டார். மூன்று வருடம் இருப்பார் என்று வைத்தால் தேடும் மாதத்துக்கும் விளம்பரத்துக்கும் வருடத்துக்கு 32 போகும். நிற்பது 988. சாமானோடு விட்ட 990-க்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை, தலைவலி பாதி.

ஆகவே சாமான்களோடு விடுவதற்கு, வெறும் வீட்டு வாடகையைவிட 18 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைத்தால், அல்லது வேலை நிமித்தம் குறைந்த காலம் தங்குகிறவர்கள் நிறைய வரும் பகுதி என்றால் மட்டுமே சாமான் சம்பாதிக்கிறது. மற்றபடி அது உங்களுக்குக் கிடங்கு வாடகை மிச்சம், அவ்வளவுதான். நடு வழியும் உண்டு: ஏசி, கீசர், அலமாரி, சமையலறை அமைப்பை விட்டுவிட்டு மெத்தை, சோபா, டிவியை எடுத்துவிடுவது. சீக்கிரம் பாழாகிறவையும் சண்டைக்குக் காரணமாகிறவையும் அந்த மூன்றும்தான்.

## யாருக்கு எது

ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போக முடியும், மனிதர்களோடு பேசுவது சுமையாகத் தெரியாது, ஒரு நாள் உட்கார்ந்து பட்டியல் எழுதும் பொறுமை இருக்கிறது என்றால் நேரடியாகவே விடுங்கள். குடித்தனக்காரர் உங்களுக்கே போன் செய்வதால், சின்னக் கசிவைப் பெரிய கறையாவதற்கு முன்பே சொல்லிவிடுவார். நல்லவர் கிடைத்துவிட்டால் வாடகையை ஏற்றாமல் இன்னொரு வருடம் இருக்கச் சொல்லுங்கள். காலி மாதத்தின் விலை இப்போது தெரியும்தானே.

வெளிநாட்டில் இருக்கிறீர்கள், ஊரில் சாவி வாங்கி வைத்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை என்றால் நிர்வாக நிறுவனம்தான். உறவினரிடம் 'கொஞ்சம் பார்த்துக்கொள்' என்று விடுவது மலிவாகத் தெரியும். குழாய்க்காரரைத் தேடி அவர் இரண்டு தடவை அலைந்த பிறகு உறவும் போகும், குழாயும் சரியாகாது. அப்படியே விடுவதானாலும் அவருக்கு மாதம் ஒரு தொகை என்று பேசிக் கொடுத்துவிடுங்கள்.

இடையில் இருப்பவர்களுக்கு, அதாவது அதே நாட்டில் வேறு ஊரில் இருப்பவர்களுக்கு, நான் சொல்வது கலவை. ஆள் கொண்டுவரத் தரகர், முடிவு உங்களுடையது, குடி வரும் நாளும் காலி செய்யும் நாளும் நீங்களே நேரில், நடுவில் நம்பகமான ஒரு மின்சாரப் பணியாளரின் எண்ணும் ஒரு குழாய்ப் பணியாளரின் எண்ணும் குடித்தனக்காரர் கையில். தரகரோடு பேசும்போது மட்டும் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: அதே குடித்தனக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் மறுபடி கமிஷன் கிடையாது, மூன்று மாதத்துக்குள் அவர் காலி செய்துவிட்டால் அடுத்த ஆளைக் கமிஷன் இல்லாமல் கொண்டுவர வேண்டும். இரண்டாவது வரிக்கு முகம் சுளிக்கும் தரகரிடம், அவர் கொண்டுவரப் போகும் ஆளைப் பற்றி அவருக்கே என்ன நம்பிக்கை என்று கேட்டுப் பாருங்கள்.